ஆர்பி18, எஃப்1-75, டபிள்யூ13: அடுத்த காரை எந்த வழியில் வரைவது?

2022 ஃபார்முலா 1 சீசன் முடிந்தபோது அணிகளின் பட்டியலில் ரெட் புல்லுக்கு 759 புள்ளிகள், ஃபெராரிக்கு 554, மெர்சிடீஸுக்கு 515. மூன்று அணிகளும் ஒரே விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ரெட் புல்லின் ஆர்பி18, ஃபெராரியின் எஃப்1-75, மெர்சிடீஸின் டபிள்யூ13 என்று ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத மூன்று கார்களைக் கட்டியிருந்தன. விதிகளின் அடிப்படை 2025 வரை அப்படியே இருக்கும் என்பது அப்போதே தெரியும். எனவே 2023 காரை இந்த மூன்றில் எந்த வழியில் வரைவது என்பது, ஒரு வருடத்துக்கு மட்டுமல்லாமல் அடுத்த மூன்று வருடங்களுக்கும் சேர்த்து எடுக்க வேண்டிய முடிவு.

ரெட் புல் வழிதான் சரி. அதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. சிக்கல், ‘ரெட் புல் வழி’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. வெளியே கண்ணுக்குத் தெரிந்த சைட்பாட்டை (ஓட்டுநரின் இரு பக்கமும் ரேடியேட்டர்களை மூடும் உடம்புப் பகுதியை) மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பாதி தூரம்தான் போக முடிந்தது. அது ஏன் என்று பார்க்க, காரின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஃப்ளோர் கேட்பது என்ன?

2022 விதிகள் தட்டையான அடிப்பாகத்தை (ஃப்ளோரை) எடுத்துவிட்டு, காரின் இரண்டு பக்கமும், ஒடுங்கிக் காற்றை வேகப்படுத்தும் வெஞ்சுரி சுரங்கங்களை அனுமதித்தன. 1983-ல் தட்டை ஃப்ளோர் கட்டாயமானபோது போன தரைவிளைவு, முப்பத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பியது. கார் தரைக்கு எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறதோ, அடியில் காற்று அவ்வளவு வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் தரையோடு ஒட்டும். முன்பு முன்சக்கரத்தின் சிதறிய காற்றை வெளியே தள்ளிய பார்ஜ்போர்டுகள் தடை செய்யப்பட்டன. சஸ்பென்ஷனில் துள்ளலை அடக்கும் இனர்ட்டரும் ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. வெறும் ஸ்பிரிங், முறுக்கு ஸ்பிரிங்கான டார்ஷன் பார், அதிர்வைத் தணிக்கும் டேம்பர் மட்டும் மிச்சம். சக்கரம் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகி, டயரின் பக்கச்சுவர் குட்டையாகி, அது தந்த மெத்தையும் குறைந்தது. குறைந்தபட்ச எடை 798 கிலோ.

இந்த மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தால் பிரச்சினை புரியும். டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் காற்றுவிசை, வேண்டுமென்றால் தாழ்வாக ஓட வேண்டும். வேகம் கூடக்கூட டவுன்ஃபோர்ஸ் காரை இன்னும் கீழே இழுக்கும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் சுரங்கத்தில் காற்றோட்டம் நெரிபட்டுப் பிரிந்துவிடும். பிடித்துக்கொண்டிருந்த விசை சட்டென்று விட்டுப்போக, கார் மேலே எழும்பும். எழும்பியதும் காற்றோட்டம் மறுபடி ஒட்டும், மறுபடி இழுக்கும். இது விநாடிக்கு ஐந்தாறு தடவை நடந்தால் அதுதான் போர்ப்பாய்சிங். இனர்ட்டர் இருந்திருந்தால் அந்தத் துள்ளலைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். அது இல்லாததால் மிஞ்சியது இரண்டே வழி: சஸ்பென்ஷனை விறைப்பாக்குவது, அல்லது காரை உயர்த்தி ஓட்டுவது. முதலாவது ஓட்டுநரின் முதுகைக் கேட்கும். இரண்டாவது டவுன்ஃபோர்ஸைக் கேட்கும்.

ஆகவே இந்த விதிகளின் கீழ் ஒரு காரை மதிப்பிட, அதன் உச்ச டவுன்ஃபோர்ஸ் எவ்வளவு என்று கேட்பது போதாது. தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் முதல் எத்தனை மில்லிமீட்டர் வரை அந்த டவுன்ஃபோர்ஸ் நிலைக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். காற்றைச் செலுத்தி மாதிரியைச் சோதிக்கும் விண்ட் டனலில் இது எளிதில் அகப்படாது. விதிப்படி அங்கே 60 சதவீத அளவு மாதிரிதான் வைக்கலாம், காற்றின் வேகம் விநாடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாதிரி ஒரு தண்டில் விறைப்பாகத் தொங்குகிறது, நிஜக் காரைப் போல ஸ்பிரிங் மேல் உட்காரவில்லை. அதனால் நெரிபடும் எல்லைக்கு மிக அருகே, பார்க்க அருமையான எண்களை அது காட்டும். அந்த எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் டபிள்யூ13.

மெர்சிடீஸ்: ஒல்லி உடம்பு

2022 பிப்ரவரியில் பார்சிலோனாவில் ஒரு உடம்போடு ஓடிய டபிள்யூ13, மார்ச்சில் பஹ்ரைனுக்கு வந்தபோது சைட்பாட்டே இல்லாதது போல் வந்தது. ரேடியேட்டர்கள் நெருக்கி நிமிர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. மேல் பக்கவாட்டு மோதல் தாங்கியை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, சிறகு போன்ற உறை போட்டு, கண்ணாடியையும் அதிலேயே பொருத்தியிருந்தார்கள். யோசனை தெளிவானது: உடம்பு எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு சுத்தமான காற்று பின்பக்கத்துக்கும், ஃப்ளோரின் பின்முனையில் மேல்நோக்கி விரியும் டிஃப்யூசரின் மேற்பரப்புக்கும் போகும்.

கணக்கில் தவறில்லை. விலை வேறு மூன்று இடங்களில் வந்தது.

முதலாவது, சைட்பாட் ஒடுங்கினால் ஃப்ளோரின் மேற்பரப்பு பெரிதாகத் திறந்து கிடக்கும். தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாத அகலமான தகடு, விளிம்பில் வளைந்து ஆடும். விளிம்பு தரையை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் சுரங்கம் இறுகி, துள்ளலுக்குத் தூபம் போடும். விளிம்பைக் கட்டிப் பிடிக்க உலோகத் தண்டு வைக்கச் சீசன் தொடக்கத்திலேயே அனுமதி வந்தது. ஆனால் விறைப்பைக் கூட்டினால் எடையும் கூடும்.

இரண்டாவது, முன்சக்கரத்தின் அழுக்குக் காற்றை வெளியே ஒதுக்க உடம்பில் அகலம் இல்லை. பார்ஜ்போர்டு போன பிறகு அந்த வேலையைச் செய்யக்கூடிய பெரிய பரப்பு சைட்பாட் மட்டும்தான். அதையும் ஒடுக்கினால், அந்தக் காற்று ஃப்ளோர் விளிம்பு வழியாகச் சுரங்கத்துக்குள் உறிஞ்சப்பட வாய்ப்பு கூடுகிறது.

மூன்றாவதுதான் மோசமானது, காரணம் அது சீசன் நடுவில் திருத்த முடியாதது. ஓட்டுநரின் இருக்கை முன்பக்கம் தள்ளியிருந்தது. முன்சக்கரத்துக்கு நெருக்கமாக உட்காருபவருக்குப் பின்பக்கம் நழுவுவது தாமதமாகத்தான் உடம்பில் தெரியும். மெர்சிடீஸ் ஓட்டுநர் ஹாமில்டன் இதை அடுத்த காரிலும் தொடர்ந்து சொன்னார். இருக்கையின் இடம் காரின் முதன்மைக் கூடான மோனோகாக்கோடு வார்க்கப்பட்டது. மாற்ற வேண்டுமென்றால் புது மோனோகாக், புது மோதல் சோதனைகள், அணிகளுக்கு விதிக்கப்பட்ட ஆண்டுச் செலவு வரம்புக்குள் அதற்குக் காசு.

இந்தக் காரின் குறுகிய வேலை எல்லையைக் காட்ட ஒரு வார இடைவெளியில் நடந்த இரண்டு தகுதிச் சுற்றுகள் போதும். ஆகஸ்ட் இறுதியில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஹாமில்டன் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனைவிட 1.838 விநாடி பின்தங்கினார். அடுத்த வாரம் நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் அந்த இடைவெளி 0.306 விநாடி. ஓட்டுநரும் காரும் அதேதான். ஸ்பாவில் ஓ ரூஜ் பள்ளத்தில் கார் அழுந்தும்போது அடி தட்டாமலிருக்க அதை உயர்த்தியே ஓட்ட வேண்டும், நீண்ட நேர்ப்பாதைகளில் இழுவையும் தண்டம் வாங்கும். சாண்ட்வோர்ட்டில் நேர்ப்பாதை குறைவு, எல்லோரும் பெரிய விங் போட்டுத்தான் வருவார்கள், டபிள்யூ13-இன் இழுவை அங்கே மறைந்துபோனது. காற்று மெலிந்த மெக்சிகோவிலும் அது மறைந்தது. அங்கே ஹாமில்டன் இரண்டாவது. பிரேசிலின் இன்டர்லாகோஸில் மெர்சிடீஸின் இன்னொரு ஓட்டுநர் ரஸ்ஸல் வென்றார், ஹாமில்டன் இரண்டாவது. 22 பந்தயத்தில் அந்த ஒரே வெற்றிதான்.

515 புள்ளிகளைப் பார்த்து ‘மோசமில்லையே’ என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும்பங்கு நம்பகத்தன்மையின் வேலை: இயந்திரக் கோளாறால் டபிள்யூ13 பந்தயத்தை முடிக்காமல் நின்றது கடைசிப் பந்தயமான அபுதாபியில்தான். மெர்சிடீஸின் பொறியியல் ஒழுங்குக்கு அது சான்று. உடம்பு வடிவத்துக்குச் சான்றாகாது.

ஃபெராரி: அகலத் தொட்டி

எஃப்1-75 நேர் எதிர்த்திசை. சைட்பாட் மேற்பரப்பில் குழிந்த தொட்டி, அதன் மேல் வெப்பம் வெளியேறும் செவுள்கள், பக்கச்சுவர் விடாமல் பின்பக்கம் வரை அகலமாக ஓடியது. முன்சக்கரக் காற்றை வெளியே தள்ளும் வேலையை அந்த அகலமே பார்த்துக்கொண்டது. மேலே ஓடும் காற்றைத் தொட்டி உள்பக்கமாக வளைத்துப் பின்விங்கின் அடியில் இருக்கும் சிறு விங்குக்கு அனுப்பியது. சஸ்பென்ஷன் முன்னால் புஷ்ராட், பின்னால் புல்ராட் (இவை என்ன என்பது ரெட் புல் பகுதியில்).

ஒற்றைச் சுற்றில் அந்த வருடத்தின் மிகச் சிறந்த கார் இதுதான் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். 22 பந்தயங்களில் 12 போல் (தகுதிச் சுற்றில் முதலிடம்), அவற்றில் ஃபெராரி ஓட்டுநர்கள் லெக்லேருக்கு 9, சைன்ஸுக்கு 3. மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது பின்டயர்களின் பிடி அபாரம். பஹ்ரைன், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியாவில் லெக்லேரும் பிரிட்டனில் சைன்ஸும் வென்றார்கள். அதோடு சரி, ஜூலை 10 ஆஸ்திரியாவுக்குப் பிறகு ஃபெராரிக்கு வெற்றியே இல்லை.

இங்கே காரையும் அணியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பெயினிலும் பாகூவிலும் லெக்லேர் முன்னணியில் இருக்கும்போது பவர் யூனிட் போனது. பிரான்ஸில் முன்னணியில் இருந்தபோது அவரே தடுப்பில் மோதினார். மொனாக்கோவிலும் ஹங்கேரியிலும் பிட் முடிவுகள் சொதப்பின. ஹங்கேரியில் யாருக்கும் வேலை செய்யாத ஹார்டு டயரைப் போட்டு அனுப்பினார்கள். இவற்றில் எதுவும் தொட்டி வடிவ சைட்பாட்டின் குற்றம் இல்லை. அதனால் புள்ளி வித்தியாசம் 205 என்பதை அப்படியே வடிவமைப்பு வித்தியாசமாக எடுத்தால் ஃபெராரிக்கு அநியாயம்.

வடிவத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பரப்பு அதிகம், இழுவையும் அதிகம். ஜெத்தாவில் கடைசிச் சுற்றுகளில் வெர்ஸ்டாப்பன் நேர்ப்பாதையில் எட்டிப் பிடித்துக் கடந்தது அதனால்தான். இரண்டாவது, தொட்டியின் விளிம்புகள், செவுள்கள், குளிர்விப்பு வழிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஓரிடத்தில் கை வைத்தால் மூன்றிடத்தில் மறுபடி வரைய வேண்டும். வளர்க்க இடம் குறைவு. செலவு வரம்பு உள்ள காலத்தில் இது சின்னக் குறையில்லை.

ரெட் புல்: சரிவு

ஆர்பி18-இன் சைட்பாட் முன்பக்கம் அகலமாகத் தொடங்கி, கீழே ஆழமாகக் குடையப்பட்டு, மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்து ஃப்ளோரைத் தொடும். அகலமான முகம் முன்சக்கரக் காற்றை ஒதுக்குகிறது. அந்த விஷயத்தில் ஃபெராரியின் நன்மை இதிலும் உண்டு. குடைவு வழியே போகும் காற்று ஃப்ளோர் விளிம்பை ஒட்டி ஓடி, சுரங்கத்துக்கு ஒரு திரைபோல் ஆகிறது. சரிவு, மேல்காற்றை டிஃப்யூசரின் மேல்பக்கத்துக்கு இறக்கிவிடுகிறது. அது மெர்சிடீஸ் விரும்பிய நன்மை. புகைப்படக்காரர்களின் லென்ஸில் அகப்பட்டது இந்த அளவுதான்.

அகப்படாதது சஸ்பென்ஷன். முன்னால் புல்ராட், பின்னால் புஷ்ராட். மெர்சிடீஸ், ஃபெராரி இரண்டுக்கும் தலைகீழ். புஷ்ராடில் தண்டு சக்கரத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏறி, மேலே இருக்கும் ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ளும். புல்ராடில் மேல்பக்கத்திலிருந்து இறங்கி, கீழே இருக்கும் ராக்கரை இழுக்கும். பின்பக்கம் புஷ்ராட் வைத்தால் ராக்கர், டார்ஷன் பார், டேம்பர் எல்லாம் கியர்பாக்ஸின் மேல் ஏறிவிடும். கியர்பாக்ஸின் கீழ்ப்பகுதி ஒடுங்கி, இரண்டு பக்கமும் சுரங்கம் விரிய இடம் கிடைக்கும். புல்ராடில் அந்தச் சாமான்கள் எல்லாம் சரியாகச் சுரங்கத்துக்கு வேண்டிய இடத்தில் போய் உட்காரும். தட்டை ஃப்ளோர் காலத்தில் எடையைத் தாழ்த்த அது நல்ல ஏற்பாடு. 2022-இல் அதே ஏற்பாடு வேண்டாத இடத்தை அடைத்தது.

முன்பக்கம் இன்னொரு விஷயம். சக்கரத்தை உடம்போடு இணைக்கும் இரட்டைக்கால் கையான விஷ்போன்களில் மேல் விஷ்போனின் முன்கால் உயரத்திலும் பின்கால் வெகுவாகக் கீழேயும் பொருத்தப்பட்டு, செங்குத்தான சாய்வு தெரிந்தது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமுங்காமலிருக்க இந்தச் சாய்வு. வழக்கமான காரில் பிரேக் பிடித்ததும் மூக்கு தாழ்ந்து பின்பக்கம் எழும். ஃப்ளோரின் கோணம் மாறும். டவுன்ஃபோர்ஸின் மையம் முன்னே ஓடும். இந்தச் சாய்வு அதைக் கட்டுகிறது. கார் ஓட்டத் தொடங்கியதிலிருந்து நிறுத்தும் வரை ஃப்ளோர் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒரே கோணத்தில் நகர்கிறது. அப்படி நகரும் ஃப்ளோரை விறைப்பான ஸ்பிரிங்கால் அடக்க வேண்டியதில்லை. மென்மையான அமைப்போடு தடத்தின் ஓரத் திட்டான கெர்ப் மேலும் ஏறலாம். ரெட் புல்லின் அன்றைய தொழில்நுட்பத் தலைவர் ஏட்ரியன் நியூவி சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வைத் தரைவிளைவு பற்றித்தான் செய்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். மற்ற அணிகளில் பலருக்கு 2022 புது அனுபவம், அவருக்கு அப்படியில்லை.

இதற்கும் விலை உண்டு. இப்படிச் சாய்த்தால் பிரேக் விசை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு விஷ்போன் வழியாக மோனோகாக்குக்குள் போகும். பொருத்தும் புள்ளிகளைப் பலப்படுத்த வேண்டும். ஸ்டீயரிங்கில் வரும் உணர்வும் குறையும். ஆர்பி18 சீசனைக் குறைந்தபட்ச எடையைவிடக் கணிசமாக அதிக எடையோடு தொடங்கியது. 10 கிலோ கூடுதலுக்குச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி என்பது இத்துறையில் பொதுவாகப் போடும் கணக்கு. பஹ்ரைனில் எரிபொருள் கோளாறால் இரண்டு கார்களும் கடைசிச் சுற்றுகளில் நின்றன; ஆஸ்திரேலியாவில் எரிபொருள் கசிந்து வெர்ஸ்டாப்பன் வெளியேறினார். மூன்று பந்தயத்தில் இரண்டு பூஜ்ஜியம். அப்படியிருந்தும் அந்தச் சீசனில் அவர் மொத்தம் 15 பந்தயங்களை வென்றார், அணியின் இன்னொரு ஓட்டுநர் பெரெஸ் மொனாக்கோவிலும் சிங்கப்பூரிலும் வென்றார். ஹங்கேரியில் 10-ஆம் இடத்திலிருந்தும், ஸ்பாவில் 14-ஆம் இடத்திலிருந்தும் கிளம்பி வெர்ஸ்டாப்பன் ஜெயித்ததைக் கவனிக்க வேண்டும். போல் எடுத்தது 8 தடவைதான், வென்றது 17 தடவை. சனிக்கிழமை லெக்லேரைவிட மெதுவாக இருந்தாலும் ஞாயிறு டயரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடிய கார் இது. நிலையான உயரத்தில் ஓடும் ஃப்ளோர் டயரைக் குறைவாக வழுக்க விடும் என்பதே அதற்குப் பெரிய காரணம்.

விதி எந்தப் பக்கம் சாய்ந்தது

2022 ஸ்பா முதல், விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ தொழில்நுட்பக் கட்டளை 39-ஐ அமல்படுத்தியது. காரின் செங்குத்துத் துள்ளலை அளந்து, 100 கிலோமீட்டருக்கு ஒரு கிலோ எடைக்கு 10 ஜூல் என்று எல்லை வைத்தார்கள். ஃப்ளோருக்கு அடியில் பொருத்தப்படும் அடித்தட்டையும் அதன் சறுக்குத் துண்டுகளையும் வளையவிட்டுத் தாழ்வாக ஓடும் வித்தையையும் இறுக்கினார்கள். 2023-க்கு ஃப்ளோர் விளிம்பை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னார்கள்.

கோடை விடுமுறைக்குப் பின் நடந்த 9 பந்தயங்களில் ரெட் புல் 8-ஐ வென்றது. ஃபெராரி சரிந்ததற்கு இந்தக் கட்டளை மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுப்பவருக்கு வேண்டியது அடுத்த வருடத்தின் திசை, அது தெளிவாகத் தெரிந்தது: காரை எல்லோரும் சற்று உயர்த்தித்தான் ஓட்டியாக வேண்டும். உயரத்தில் டவுன்ஃபோர்ஸ் தரும் வடிவத்துக்கு அது அனுகூலம். தாழ்வில் மட்டும் உச்சம் தொடும் வடிவத்துக்கு அது தண்டனை.

அடித்தட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், பந்தயம் முடியும்போது 9-க்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. தாழ்வாக ஓடித்தான் வேகம் வரும் என்ற காருக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் எப்போதும் தலைக்கு மேல் கத்தி. 2023 ஆஸ்டினில் இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்லேரும் தட்டு தேய்ந்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டார்கள். இரண்டும் புல்ராட் பின்சஸ்பென்ஷன் கார்கள் என்பது தற்செயலாகவும் இருக்கலாம்; மேடுபள்ளமான தடம், குறும்பந்தயமும் சேர்ந்த ஸ்பிரிண்ட் வார இறுதி என்பதால் உயரத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு பயிற்சி நேரம் என்பதும் சேர்ந்துகொண்டது.

எதை முதலில் எடுப்பது

நேரமும் சோதனைகளும் அளவோடுதான் கிடைக்கும். விண்ட் டனல் ஒதுக்கீட்டில் 100 சதவீதம் என்றால் எட்டு வாரக் காலகட்டம் ஒன்றுக்கு 320 ஓட்டங்கள். முதலிடத்துக்கு 70 சதவீதம், அடுத்தடுத்த இடத்துக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டே போகும். அதன்படி மெர்சிடீஸுக்கு 256, ஃபெராரிக்கு 240, ஏழாவதாக வந்த ஆஸ்டன் மார்ட்டினுக்கு முழு 320. ரெட் புல்லுக்கு 2021 செலவு வரம்பை மீறியதற்காக 70 லட்சம் டாலர் அபராதத்தோடு 10 சதவீதக் குறைப்பும் சேர்ந்து 63 சதவீதம், அதாவது இருநூற்றுச் சொச்சம். இந்த ஓட்டங்களை இரண்டு வடிவங்களுக்குப் பங்குபோட்டால் இரண்டும் அரைகுறையாகும். ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

ரெட் புல் வழி என்று தீர்மானித்த அணி, முதலில் பூட்ட வேண்டியவை சீசன் நடுவில் மாற்ற முடியாதவை. கியர்பாக்ஸின் உறையும் அதில் பின்சஸ்பென்ஷன் பொருத்தும் புள்ளிகளும் தலைப்பட்டியலில். பிறகு இருக்கையின் இடம், மோனோகாக்கில் முன் விஷ்போன் புள்ளிகள், பக்கவாட்டு மோதல் தாங்கிகள் வெளிவரும் இடம். மோதல் தாங்கி தாழ்வாக இருந்தால்தான் சைட்பாட்டின் வாயையும் குடைவையும் விருப்பப்படி வரைய முடியும். ரேடியேட்டர்களைச் சாய்த்து அடுக்க எரிபொருள் தொட்டியின் தோள்பட்டை எவ்வளவு அகலம் என்பதையும் இதே கட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் செப்டம்பர், அக்டோபருக்குள் நின்றால்தான் குளிர்காலத்தில் மோதல் சோதனை முடியும். அதற்குப் பிறகு ஃப்ளோர். சைட்பாட் தோல் கடைசி; அதை நடுசீசனில் இரண்டு தடவைகூட மாற்றலாம்.

பெரும்பாலான அணிகள் இதைத் தலைகீழாகத்தான் செய்தன. காரணமும் புரிகிறது: சைட்பாட் படத்தில் தெரிகிறது, ஃப்ளோரின் அடிப்பக்கம் தெரிவதில்லை. எப்போதாவது கிரேன் காரைத் தூக்கும்போது மட்டும் தெரியும். 2023 மொனாக்கோ தகுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சியில் ஹாமில்டனின் காரும், தகுதிச் சுற்றில் பெரெஸின் காரும் தடுப்பில் மோதி, கிரேனில் தொங்கிக்கொண்டு போனபோது, எல்லா அணிகளின் புகைப்படக்காரர்களும் விழுந்தடித்து ஓடியது ரெட் புல்லின் 2023 காரான ஆர்பி19-இன் அடியைப் பார்க்கத்தான்.

2023 காட்டியது

மெர்சிடீஸ் டபிள்யூ14-ஐயும் ஒல்லி உடம்போடுதான் கொண்டுவந்தது. முதல் பந்தயத்தின் தகுதிச் சுற்று முடிந்ததுமே இந்த வடிவத்தில் ஜெயிக்க முடியாது என்று அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மொனாக்கோவில் புது சைட்பாட், புது ஃப்ளோர், புது முன்சஸ்பென்ஷன் வந்தன. பின்பக்கப் புல்ராடும் இருக்கையும் அப்படியே. பலன்? மாற்றத்துக்கு முந்தைய 5 பந்தய வார இறுதிகளில் 96 புள்ளிகள், அதாவது சராசரி 19.2. பிந்தைய 17-இல் 313, சராசரி 18.4. கார் முன்னேறாமல் இல்லை. ஸ்பெயினில் இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்தார்கள். மற்றவர்களும் அதே அளவு முன்னேறினார்கள் என்பதால் சராசரி மட்டும் ஏறவில்லை.

மெக்லாரனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர்கள் 2022-லேயே முன்புல்ராட், பின்புஷ்ராட் அமைப்போடு வந்தவர்கள். 2023-இல் முதல் 8 பந்தயங்களில் 17 புள்ளிகள்தான், கேலிக்கு ஆளானார்கள். ஆஸ்திரியாவில் நோரிஸின் காருக்குப் புது சைட்பாட்டும் ஃப்ளோரும் வந்தன, அடுத்து சில்வர்ஸ்டோனில் அவர் இரண்டாவது, பியாஸ்ட்ரி நான்காவது. மிச்சம் 14 பந்தயங்களில் 285 புள்ளிகள். எலும்புக்கூடு ஏற்கெனவே சரியாக இருந்ததால் தோலை மாற்றியதும் பலன் வந்தது.

இந்த வாதத்தில் ஒரு உறுத்தல் ஆஸ்டன் மார்ட்டின். ஏஎம்ஆர்23 மெர்சிடீஸின் கியர்பாக்ஸையும் புல்ராட் பின்சஸ்பென்ஷனையும் வாங்கிப் போட்டுக்கொண்ட கார். இருந்தும் ரெட் புல் சாயல் உடம்போடு அலோன்சோ முதல் 8 பந்தயங்களில் 6 தடவை முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடையேறினார். அணி 154 புள்ளிகள் எடுத்தது. எனவே புல்ராட் வைத்தால் எதுவும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆனால் மிச்சம் 14 பந்தயங்களில் அவர்கள் எடுத்தது 126. மேம்பாடுகள் வந்தன, வேகம் வரவில்லை. வாங்கிய பின்பக்கம் ஒரு அளவுக்கு மேல் வளர விடவில்லை என்பது எங்கள் கணிப்பு. அதை மட்டுமே காரணமாக்குவதும் மிகை. பணம் குறைந்த அணிக்கு, வாங்கிய கியர்பாக்ஸோடு முதல் வருடம் ஓடுவது நியாயமான சமரசம்தான்.

ஃபெராரி எஸ்எஃப்-23-ஐத் தொட்டி வடிவத்தோடு தொடங்கி ஸ்பெயினில் ரெட் புல் பாணிச் சரிவு சைட்பாட்டுக்கு மாறியது. போல் 7, வெற்றி 1 (சிங்கப்பூர்). சனிக்கிழமை கார் என்ற பெயர் அந்த வருடமும் மாறவில்லை. ஆர்பி19 அந்த ஒரு சிங்கப்பூரைத் தவிர 22-இல் 21-ஐயும் வென்று 860 புள்ளிகள் எடுத்தது, அதுவும் எல்லோரையும்விடக் குறைந்த விண்ட் டனல் ஓட்டங்களோடு.

மெர்சிடீஸ் 2024-இல் டபிள்யூ15-இல்தான் பின்பக்கத்தைப் புஷ்ராடுக்கு மாற்றி, இருக்கையையும் பின்னே தள்ளியது. அந்தச் சீசனில் ஆஸ்திரியா, சில்வர்ஸ்டோன், ஸ்பா, லாஸ் வேகஸ் என்று நான்கு வெற்றிகள் கிடைத்தன.